பாம்பு சுற்றிய கோலும் ஒரு வெள்ளிக்காசும்

லண்டனில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் நான் பல ஆண்டுகள் பணிபுரிந்தேன். கோலைச் சுற்றிய ஒற்றைப் பாம்பை உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்திலும், கிண்ணத்தைச் சுற்றிய பாம்பை மருந்துக்கடைப் பலகைகளிலும் அன்றாடம் பார்த்து வந்திருந்தும், அந்தக் கோலும் கிண்ணமும் யாருடையவை என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. 2014இல் ஒரு மழைநாள் பிற்பகலில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 68ஆம் எண் அறைக்குள், பணத்தின் வரலாற்றைக் காட்டும் கூடம் என்று தெரியாமலே, ஒதுங்கி நின்றேன். விரல்நகத்தைவிடச் சற்றே பெரிய ரோமானிய வெள்ளிக்காசுகளில் பேரரசனின் முகம், பட்டங்கள், ஆட்சியாண்டு, தெய்வ உருவம் எல்லாம் அடங்கியிருப்பதைக் கண்டு மலைத்துப் போனேன். கோலின் சொந்தக்காரரான ஈஸ்குலேப்பியஸ் என்னும் மருத்துவக் கடவுளும் அத்தகைய காசுகளில் இருக்கிறார் என்று அன்றிரவே படித்தறிந்தேன். ஒன்றை வாங்கியே தீர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த அவசரத்துக்கு நான் கொடுத்த விலையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பழம்பொருள்களையும் பழைய துணிகளையும் ஒன்றாக விற்கும் இணையதளம் ஒன்றில் அந்தக் காசு கண்ணில் பட்டது. விலை 60 பவுண்டு. ‘அந்தோனினஸ் பியஸ் காலத்து வெள்ளி தெனாரியஸ்’ என்று தலைப்பிட்டிருந்தார்கள். தெனாரியஸ் என்பது ரோமானியரின் வழக்கமான வெள்ளிக்காசு. படத்தில் இருந்தவரோ புருவத்தை நெரித்து, கழுத்தைத் திருப்பி, யாரையோ அடிக்கப் போகிறவர் போல முறைத்துக்கொண்டிருந்தார். சாந்தமான தாடிக்காரராக 138 முதல் 161 வரை ஆண்ட அந்தோனினஸ் பியஸ் அல்லர் இவர். 211 முதல் 217 வரை ஆண்ட கரகல்லா என்று நான் கண்டுபிடித்தேன். கரகல்லா என்பது அவர் விரும்பி அணிந்த, முக்காடு வைத்த மேலங்கியின் பெயரால் ஏற்பட்ட பட்டப்பெயர். அவருடைய காசு எதிலும் அந்தப் பெயர் இராது. காசில் அவர் ‘அந்தோனினஸ் பியஸ்’ என்றே தம்மை அழைத்துக்கொள்கிறார். ஆகவே முகத்தைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் படிப்பவர்கள் இருவரையும் குழப்பிக்கொள்வது இயல்பு. பட்டங்களின் இறுதியில் ‘ஜெர்மானிக்கஸ்’ என்பதன் சுருக்கம் இருந்தால் ஐயம் தீர்ந்துவிடும். 213இல் ஜெர்மானியக் குடியினர் மீது நடத்திய போருக்குப் பின் கரகல்லா சூட்டிக்கொண்ட பட்டம் அது.

விற்பவருக்கே தெரியாத சரக்கு நமக்குக் கிடைத்தது என்று மகிழ்ந்து பணத்தை அனுப்பினேன். தவறான தலைப்பு எப்போதும் அறியாமையால் வருவதில்லை என்பது அன்று எனக்குத் தெரியாது. வாங்குபவனைத் தன் புத்திசாலித்தனத்தில் மயங்கவைக்க அதைவிட நல்ல தூண்டில் கிடையாது. நானே கண்டுபிடித்தேன் என்று நினைத்ததாலேயே நான் வேறு எதையும் சோதிக்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாணயக் கண்காட்சியில், முப்பது ஆண்டுகளாக ரோமானியக் காசுகளைச் சேர்த்துவரும் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவரிடம் அதைக் காட்டினேன். அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை ஏந்திப் பார்த்துவிட்டு, “தம்பி, இதை ஒருக்கா நிறுத்துப் பாத்தனீரோ?” என்று மட்டும் கேட்டார். நான் நிறுத்துப் பார்க்கவில்லை. ஆயுள் முழுவதும் மில்லிகிராம் கணக்கில் மருந்தை நிறுத்துக் கொடுத்தவன், சொந்தப் பணத்தில் வாங்கிய காசை நிறுத்துப் பார்க்கவில்லை என்று அவர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தது.

அன்று மாலை வீட்டில் நிறுத்தேன். கரகல்லாவின் தெனாரியஸ் சாதாரணமாக 3 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். என் காசு 2.71 கிராம்தான். எடை குறைவு மட்டும் போலிக்குச் சான்றாகாது. பழைய காசுகள் தேய்ந்தும் அரித்தும் எடை இழப்பதுண்டு. எனவே அடர்த்தியையும் பார்த்தேன். நீர் நிறைந்த சிறு குவளையைத் தராசின் மேல் வைத்து அளவைப் பூச்சியமாக்கிக்கொள்ள வேண்டும்; காசை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி நீருக்குள் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டுவது காசு விலக்கிய நீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். எனக்கு வந்த விடை 7.3. தூய வெள்ளியின் அடர்த்தி 10.5, செம்பினுடையது ஏறக்குறைய 9, கரகல்லாவின் இறுதி ஆண்டுகளில் தெனாரியஸில் வெள்ளி ஏறத்தாழப் பாதிதான் என்பதால் 9.6க்கு அருகில் வர வேண்டும். 7.3 என்பது வெள்ளீயத்தின் அடர்த்தி. இந்தச் சோதனைக்கு 0.001 கிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும், 0.01 கிராம் வரை மட்டும் காட்டுவதில் விடை முன்பின்னாக வரும். ஆனாலும் வெள்ளீயத்தையும் வெள்ளியையும் பிரித்தறிய அதுவே போதும்.

பிறகு உருப்பெருக்கியில் பார்த்தபோது, முன்பு கண்ணில் படாதவை எல்லாம் வரிசையாகப் பட்டன. எழுத்துகளின் ஓரங்கள் வெயிலில் இளகிய மெழுகைப் போல் மழுங்கியிருந்தன. முகத்தைச் சுற்றிய வெற்றிடத்தில் ஊசிமுனை அளவில் வட்டக் குழிகள். உருக்கிய உலோகத்தில் சிக்கிய காற்றுக்குமிழ்கள் விட்டுச்சென்றவை அவை. விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய தடம் ஒன்று ஓடியது. அச்சுப்பெட்டியின் இரு பாதிகளும் சேர்ந்த கோட்டை மறைக்க ராவியிருக்கிறார்கள். ரோமானியர் இந்தக் காசுகளை வார்க்கவில்லை. உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு இடையில் வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். ஒவ்வோர் அடியும் வெவ்வேறு விதமாக விழும் என்பதால், ஒரே அச்சில் பிறந்த இரண்டு காசுகளில்கூட உருவம் நடுவிலிருந்து விலகும் அளவும் ஓரத்தில் விழும் பிளவும் ஒத்திருக்கமாட்டா. நான் ஏலப் பதிவுகளின் பழைய படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, என் காசின் அதே பிளவு, அதே விலகல், மூக்கின் மேல் அதே கீறலோடு வேறொரு காசைப் பார்த்தேன். அச்சு ஒன்றாக இருக்கலாம், அடிபட்ட காயமும் ஒன்றாக இருக்க முடியுமா? இரண்டும் ஒரே தாய்க்காசிலிருந்து வார்த்தெடுத்த பிள்ளைகள். ஒரு காசை வாங்குவதற்கு முன் அதன் இரட்டையைத் தேடிப் பார்ப்பது இன்றுவரை நான் விடாத பழக்கம்.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பெயரைச் சொல்லிப் பயனுமில்லை. அந்தக் கணக்கே ஒரு மாதத்தில் காணாமல் போய்விட்டது.

இந்த ஏமாற்றம் என்னை விரட்டிவிட்டிருக்கலாம். மாறாக, போலியில் இருந்த படத்தின் கதையைப் படிக்கத் தொடங்கினேன். சேகரிப்பதன் சுவையே அதில்தான் எனக்குப் பிடிபட்டது. கரகல்லா 211 டிசம்பரில் தம் தம்பி கேட்டாவைத் தாயின் மடியிலேயே வெட்டவைத்தவர். அதன்பின் அவருக்கு உடல்நோய்களும் மனக்கலக்கமும் ஓயவில்லை என்றும், தந்தையும் தம்பியும் வாளோடு துரத்துவதாக அவருக்குக் காட்சிகள் தோன்றின என்றும், அவர் காலத்திலேயே வாழ்ந்த செனட் உறுப்பினர் காசியஸ் டியோ எழுதுகிறார். நோய் தீர அவர் அப்பல்லோ கிரானஸ், ஈஸ்குலேப்பியஸ், செராபிஸ் ஆகிய தெய்வங்கள் மூவரையும் வேண்டினார், ஒருவரும் உதவவில்லை என்பது டியோவின் தீர்ப்பு. டியோவுக்குக் கரகல்லாவைக் கண்டாலே ஆகாது என்பதையும் நினைவில் கொண்டுதான் இதைப் படிக்க வேண்டும். ஆயினும் கரகல்லாவின் கடைசி ஆண்டுகளின் வெள்ளிக்காசுகளை மேசையில் பரப்பினால் அப்பல்லோவும் ஈஸ்குலேப்பியஸும் செராபிஸும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். வரலாற்றாசிரியர் வெறுப்போடு எழுதியதைக் காசடிக்கும் அக்கசாலை பக்தியோடு அச்சடித்திருக்கிறது. ஒரு நோயாளியின் மருத்துவப் பதிவேட்டைப் புரட்டுவதைப் போல எனக்குத் தோன்றியது. என் தொழில் அப்படி நினைக்க வைத்திருக்கலாம்.

214இல் கரகல்லா, இன்று துருக்கியில் பெர்காமா என்னும் ஊராக இருக்கும் பெர்கமோனுக்குச் சென்றார். ஈஸ்குலேப்பியஸின் பேர்பெற்ற நோய்தீர்க்கும் தலம் அங்கே இருந்தது. நோயாளிகள் குளித்து, நோன்பிருந்து, கோயில் வளாகத்திலேயே படுத்துறங்குவார்கள். கனவில் கடவுள் சொல்லும் மருந்தையோ பத்தியத்தையோ விடிந்ததும் கடைப்பிடிப்பார்கள். கரகல்லாவும் அப்படிக் கனவுகளுக்காக உறங்கினார் என்று மற்றொரு வரலாற்றாசிரியரான ஹெரோடியன் குறிப்பிடுகிறார். மரத்தைச் சுற்றிய பாம்பின் முன் படைக்கோலத்தில் நின்று அவர் வலக்கையை உயர்த்தி வணங்கும் காட்சியைப் பெர்கமோன் நகரம் பெரிய வெண்கலக்காசுகளில் பொறித்தது. அடுத்த ஆண்டு ரோமின் தெனாரியஸிலும் கடவுள் வந்துவிட்டார்: இடுப்புக்கு மேல் ஆடையின்றி, பாம்பு சுற்றிய கோலை ஊன்றி நேரே நிற்கிறார், வலப்புறம் தரையில் ஓர் உருண்டை. சில வகைகளில் இடப்புறம், முக்காடிட்ட குள்ள உருவமாக, நோயிலிருந்து தேறுதலைக் காக்கும் தெலெஸ்போரஸ் நிற்கிறார். முக்காட்டு அங்கியால் பெயர்பெற்ற அரசனின் காசில் முக்காடிட்ட குட்டித் தெய்வம் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

காசின் ஆண்டை எப்படி அறிவது என்று பலர் கேட்பதுண்டு. பின்புறத்து எழுத்துகள் முதலில் தலைமைப் பூசாரி என்ற பட்டத்தையும், பின் மக்கள் காப்பாளர் அதிகாரத்தை எத்தனையாவது முறையாக அரசன் பெற்றான் என்பதையும் சுருக்கமாகச் சொல்கின்றன. அந்த அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டது. கரகல்லா அதை முதலில் 198இல் பெற்றார். ஆகவே 18 என்ற எண் இருந்தால் 215. இந்த ஓர் எண்ணைப் படிக்கப் பழகியதும் நூறு காசுகளுக்கு நாமே ஆண்டு குறிக்கலாம். அமெரிக்க நாணயவியல் கழகம் ரோமப் பேரரசின் காசுகளை வகைவாரியாகப் படங்களுடன் இணையத்தில் இலவசமாகத் தொகுத்து வைத்திருக்கிறது. எழுத்தையும் உருவத்தையும் கொடுத்துத் தேடினால் வகை கிடைத்துவிடும். இதைப் பணம் கொடுக்கும் முன் செய்ய வேண்டும்; நான் பின்னால் செய்தேன்.

உருவத்தை அடையாளம் காண்பதிலும் எனக்குச் சில சறுக்கல்கள் நேர்ந்தன. காசில் பாம்பு இருந்தால் அது ஈஸ்குலேப்பியஸ் என்று கொள்ளக் கூடாது. அமர்ந்தோ நின்றோ, பலிபீடத்திலிருந்து எழும் பாம்புக்குத் தட்டில் உணவூட்டும் பெண், ரோமரின் நலத் தெய்வமான சலூஸ். கிரேக்கர் ஹைஜியா என்று அழைத்த, ஈஸ்குலேப்பியஸின் மகளோடு ரோமர் அவளை ஒன்றாகக் கருதினர்; மருந்துக்கடைப் பலகையில் உள்ள கிண்ணம் இவளுடையது. சலூஸின் காசுகள் ஏராளம், தகப்பனின் காசுகள் குறைவு. விற்பவர்கள் முன்னதைப் பின்னதாக எழுதி விலையேற்றுவதை நானே இரண்டு முறை கண்டிருக்கிறேன். இரண்டு பாம்புகள் பின்னி, மேலே சிறகு விரித்த கோல் மெர்க்குரிக்கு உரியது. மெர்க்குரி தெய்வங்களின் தூதுவர், வணிகர்களின் காவலர். 1902இல் அமெரிக்க இராணுவ மருத்துவப் பிரிவு அந்தக் கோலைச் சின்னமாக ஏற்றது முதல் அந்தக் குழப்பம் உலகெங்கும் பரவிவிட்டது. நம் ஊர் மருத்துவர்களின் கார் கண்ணாடியிலும் இரட்டைப் பாம்பைப் பார்க்கலாம். வணிகக் கடவுளின் கோல் அங்கே பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். நான் அந்த விவாதத்துக்குள் போவதில்லை.

இரண்டாவதாக நான் வாங்கியது, 260 முதல் 269 வரை, இன்றைய பிரான்சை உள்ளடக்கிய கால் (Gaul) நாட்டில் தனியரசு நடத்திய போஸ்துமஸின் அந்தோனினியானஸ். கரகல்லா 215இல் அறிமுகப்படுத்திய, கதிர்முடி சூடிய அரசன் முகம் கொண்ட காசு வகை அது. இரண்டு தெனாரியஸ் மதிப்பு என்பார்கள், உள்ளே இருந்த வெள்ளியோ ஏறத்தாழ ஒன்றரைக்குத்தான் சமம். போஸ்துமஸின் காலத்துக்குள் அதில் வெள்ளி வெகுவாகக் குறைந்து செம்பு மிகுந்துவிட்டது. ‘அரசரின் நலம்’ என்ற பொறிப்புடன் ஈஸ்குலேப்பியஸ் நிற்கும் வகை 35 பவுண்டுக்குக் கிடைத்தது. நம்பகமான வணிகரிடம் வாங்கியது. நிறுத்துப் பார்த்தேன், இரட்டையைத் தேடினேன், எல்லாம் சரியாக இருந்தது. கருமையும் பச்சையும் கலந்த ஒரு படலம் கடவுளின் முழங்காலுக்குக் கீழே மூடியிருந்ததுதான் குறை.

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவனுக்கு உலோகத்தைத் துலக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. கார்த்திகைக்கு முன் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதும், வெள்ளிக் கொலுசை விபூதி தொட்டுத் தேய்ப்பதும் சிறுவயதிலேயே எனக்கு விட்டிருந்த வேலைகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புளிக்கரைசலில் காசைப் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு விபூதியால் தேய்த்தேன். பச்சை போயிற்று, கருமையும் போயிற்று, அதனுடன், பதினேழு நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்து காசு சேர்த்துக்கொண்ட மேற்பரப்பும் போயிற்று. அடியில் இருந்த செம்பு வெளிறிய சிவப்பாகத் திட்டுத்திட்டாக வெளிவந்தது. கோலைச் சுற்றிய பாம்பின் ஒரு வளைவு அந்தப் படலத்தோடு சேர்ந்து பெயர்ந்துவிட்டது. பார்க்க நினைத்த முழங்காலும் சொரசொரப்பாக, குழிகுழியாகத்தான் இருந்தது.

விளக்கைத் துலக்குவதற்கும் காசைத் துலக்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எனக்குப் பின்னால் விளக்கியவர் ஓர் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பணியாளர். விளக்கு தடிமனான உலோகம். புளியின் அமிலம் களிம்பைக் கரைத்தபின் அடியில் நல்ல பித்தளை காத்திருக்கிறது. பழங்காசில் களிம்பு தனியாக, உலோகம் தனியாக இல்லை. எழுத்தும் உருவமும் பல இடங்களில் உலோகமாக இராமல், உலோகம் மாறி உருவான படலத்திலேயே பதிந்திருக்கும். அந்தப் படலத்தைக் கரைத்தால் உருவமும் சேர்ந்து கரைந்துவிடுகிறது. விபூதியோ மென்மையான தூளாகத் தோன்றினாலும் தேய்க்கும் பொருள். கொலுசைப் பளபளப்பாக்கும் அதே வேலையைக் காசின் மூக்கிலும் காதிலும் செய்துவிடுகிறது. எலுமிச்சை, வினிகர், பற்பசை, கடையில் விற்கும் வெள்ளி மெருகுநீர் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நாட்கணக்கில் ஊறவைத்து, நீரை அவ்வப்போது மாற்றி, மென்மையான முள்ளால், ரோஜா முள் மிகவும் ஏற்றது, உருப்பெருக்கியின் கீழ் சிறுகச் சிறுக நெம்பலாம். அதுவும் வெள்ளிக்காசில் மிகுந்த எச்சரிக்கையோடுதான்: நெடுநாள் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளே படிகமாகி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும், கை தவறி விழுந்தால் பிஸ்கட் போல் உடையும். எனக்குத் தெரிந்த ஒருவரின் காசு மேசையிலிருந்து சமையலறைத் தரையில் விழுந்து மூன்றாயிற்று. அன்றிலிருந்து நான் காசைக் கையில் எடுக்கும்போது அடியில் மடித்த துண்டு ஒன்று விரித்திருப்பேன்.

உண்மையான கரகல்லா காசு என் கைக்கு வர 2017 ஆயிற்று. அதுவரை கரகல்லாவின் காசு வேறெதையும் வாங்கவே இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இரண்டு ஆண்டுகளில் ஏலங்களில் வந்த ஈஸ்குலேப்பியஸ் தெனாரியஸ்களின் படங்களைச் சேர்த்து, எடை, விட்டம், விற்ற விலை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். கண் பழகுவதற்கு வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. முடிவில் ஒரு வணிகரிடம் 3.18 கிராம் எடையில் ஒன்று கிடைத்தது. முகத்தில் சாம்பல் நிறம் சீராகப் படிந்திருந்தது; பின்புறம் சற்று விலகி அடிபட்டதால் உருண்டையின் பாதி விளிம்புக்கு வெளியே போயிருந்தது. நடுவில் அழகாக அமைந்த காசு இதைப்போல் இருமடங்கு விலை. எனக்கோ சுத்தியல் தவறிய அந்த விலகல் பிடித்திருந்தது. அடர்த்தி 9.6 வந்தது.

விலையைவிட எனக்கு முக்கியமாயிருந்தது காசுடன் வந்த சிறு அட்டை. பழுப்பேறிய அந்த அட்டையில், முந்தைய சொந்தக்காரர் வாங்கிய ஆண்டும் கடையின் பெயரும் மசியால் எழுதப்பட்டிருந்தன. ஒரு காசு எங்கே, யார் கையில், எந்த ஆண்டிலிருந்து இருந்தது என்ற தாள்தொடர்ச்சி இருந்தால், அது அண்மையில் எங்கோ தோண்டிக் கடத்தப்பட்டதில்லை என்று ஓரளவு உறுதி கிடைக்கும். இங்கிலாந்தில் வயலில் காசு கண்டெடுத்தவர்கள் பதிவுசெய்வதற்கென 1997 முதல் ஒரு பொதுத் திட்டம் நடந்து வருகிறது. குவியலாகக் கிடைத்தால் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அறிவித்தே தீர வேண்டும். இப்படிப் பதிவான காசுகள் சட்டப்படி சந்தைக்கு வருவதும் உண்டு. அட்டையைத் தொலைத்துவிட்டால் காசின் வரலாற்றில் பாதி போய்விடும். ஆகவே அட்டையின் படத்தையும் எடுத்து வைத்தேன்.

அடுத்த ஆண்டு வேனிலில் பெர்காமாவுக்குப் போனேன். ஊருக்குச் சற்று வெளியே தாழ்வான நிலத்தில் அந்தத் தலம் கிடக்கிறது. தூண்கள் வரிசையிட்ட பழைய தெரு, ஊற்றுநீர்த் தொட்டி, நோயாளிகள் நடந்துபோன நீண்ட சுரங்க வழி, 3,500 பேர் அமரக்கூடிய சிறு அரங்கு எல்லாம் இன்னும் இருக்கின்றன. வாயில் பக்கத்தில் பாம்புகள் செதுக்கிய தூண்துண்டு ஒன்று நிற்கிறது. அதன் முன் எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மருத்துவ மேதை காலென் 129இல் இந்த ஊரில்தான் பிறந்தார். உள்ளூர் வாள்வீரர்களின் காயங்களுக்கு மருந்திட்டுத் தொழில் பழகி, பிறகு ரோமுக்குப் போனார். ஏலியஸ் அரிஸ்டைடிஸ் என்ற சொற்பொழிவாளர் இரண்டாம் நூற்றாண்டில் இங்கேயே தங்கி, கடவுள் கனவில் சொன்னபடி கடுங்குளிரில் ஆற்றில் குளித்ததையும் பட்டினி கிடந்ததையும் எழுதி வைத்திருக்கிறார். மருந்தாளன் என்ற முறையில் அந்தச் சிகிச்சைகளுக்கு நான் கையெழுத்திட மாட்டேன். ஆனால் சுரங்க வழியில், கூரைத் துளைகள் வழியே விழும் வெளிச்சத் திட்டுகளுக்கு இடையே நடந்தபோது, தம்பியைக் கொன்ற ஓர் அரசன் இங்கே உறக்கம் தேடி வந்தான் என்ற எண்ணம் என்னைச் சற்று நேரம் பேசவிடவில்லை.

வெளியே வந்ததும் ஓர் இளைஞன் அருகில் வந்து, “எஸ்கி பாரா”, அதாவது பழைய காசு, என்று மெல்லிய குரலில் சொல்லி மூடிய கையைத் திறந்தான். மூன்று காசுகள், ஒன்றில் ஈஸ்குலேப்பியஸ். விளிம்பில் அரம் ராவிய தடம் வெயிலில் மின்னியது. எனக்கு அது பழைய நண்பனைப் பார்த்தது போல் இருந்தது. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: துருக்கியின் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்களை நாட்டைவிட்டு எடுத்துச் செல்வது குற்றம், சிறைத்தண்டனை வரை போகும். ஆகவே அவன் கையில் இருப்பது போலியானால் பணம் போகும், உண்மையானால் நாம் உள்ளே போவோம். இரண்டில் எது நடந்தாலும் நட்டம் வாங்குபவனுக்கே என்பதால், அங்கே பேரம் பேசுவதே வீண்.

ஊருக்குப் போயிருந்தபோது உறவினர் ஒருவர், கரூரில் அமராவதி ஆற்றுமணலில் கிடைத்தது என்று சொல்லி விற்கப்பட்ட வெள்ளி ரோமானியக் காசைப் பெருமையோடு காட்டினார். அதிலும் முறைத்த முகம், அதிலும் கோல். அமராவதிப் படுகையில் ரோமானியக் காசுகள் கிடைப்பது உண்மைதான். ஆனால் தமிழ்நாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அகஸ்தஸ், திபேரியஸ் ஆகிய முதல் இரு பேரரசர்களுடையவை. பின்னாளைய நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுக் காசுகளோ சிறு செப்புக்காசுகள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 காசுகளும் பொன். இவற்றுக்கு நடுவில் கரகல்லாவின் வெள்ளி வருவது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன். நடந்தால் அது செய்தி, தெருவோரத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு விலைபோகாது. உண்மையாகவே மண்ணில் கிடைத்திருந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்கு அறிவித்திருக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துப்போவதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. “லண்டனுக்குக் கொண்டு போய்ச் சோதிச்சுச் சொல்லுங்க மாமா” என்று அவர் மகன் கேட்டபோது, அங்கேயே சமையலறைத் தராசில் வைத்துக் காட்டினேன். இரண்டு கிராமில் முள் நின்றது.

பாதுகாத்து வைப்பது பற்றியும் கொஞ்சம். தொடக்கத்தில் நான் பயன்படுத்திய மென்மையான பிளாஸ்டிக் உறைகள் பிவிசியால் ஆனவை. சில ஆண்டுகளில் அவை கசிந்து காசின் மேல் பிசுபிசுப்பான பச்சைப் படிவை விட்டன. தூய அசிட்டோனில் நனைத்து அதை நீக்க முடிந்தது. நகப்பூச்சு நீக்கியில் மணமும் எண்ணெயும் கலந்திருக்கும் என்பதால் அது உதவாது. சன்னலைத் திறந்து, நெருப்பில்லாத இடத்தில் செய்ய வேண்டும். இப்போது கெட்டியான மைலார் (பாலியெஸ்டர்) உறைகள், மரவாசனை இல்லாத தட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள். ஓக் மரப் பெட்டி அழகுதான், ஆனால் அதிலிருந்து எழும் அமில ஆவி உலோகத்துக்கு ஆகாது. வெண்கலக்காசில் வெளிர்பச்சைத் தூள் உதிரத் தொடங்கினால், அதை உடனே பிரித்து உலர்ந்த இடத்தில் வைத்துத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். உப்பும் ஈரமும் சேர்ந்து காசை உள்ளிருந்து தின்னும் நோய் அது. காசைப் பிடிக்கும்போது விளிம்பில் மட்டும் பிடிப்பது எல்லோரும் சொல்வதுதான்.

217 ஏப்ரல் 8 அன்று, இன்று துருக்கியில் ஹர்ரான் எனப்படும் கார்ஹேக்கு அருகே வழியில் இயற்கைக் கடனுக்காகக் குதிரையிலிருந்து இறங்கியபோது கரகல்லா தம் மெய்க்காவல் வீரர்களுள் ஒருவனால் குத்திக் கொல்லப்பட்டார். என் காசு அச்சாகி ஏறத்தாழ இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. அதன் உறைக்குள் பழைய அட்டைக்குப் பின்னால் நானும் ஓர் அட்டை சேர்த்திருக்கிறேன்: வாங்கிய தேதி, விலை, எடை, அடர்த்தி. அதே தட்டில் பக்கத்துக் குழியில் வெள்ளீயப் போலி இருக்கிறது. ‘போலி’ என்று பெரிய எழுத்தில், என் காலத்துக்குப் பின் யாரும் விற்றுவிடாதபடி. மூன்றாவது குழியில் போஸ்துமஸ், வெளிறிய சிவப்பாக, பாம்பின் ஒரு வளைவு இல்லாமல். அதன் அட்டையில் எடைக்குக் கீழே ‘புளி, விபூதி, 2016’ என்று எழுதியிருக்கிறேன்.